வகுப்பறைக்கு வெளியே பெற்ற கற்றலும் பல்கலைக்கழகத் தரப்புள்ளியும்: முன்கற்றல் ஏற்பு முறை - ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

பணியிடம், குடும்பத் தொழில், கலைக்குழு, தனிப்பட்ட வாசிப்பு ஆகியவற்றின் வழியே ஒருவர் பெற்ற அறிவையும் திறனையும் மதிப்பிட்டு, அதற்கு உரிய தரப்புள்ளியைப் பல்கலைக்கழகம் வழங்கும் நடைமுறை ‘முன்கற்றல் ஏற்பு’ எனப்படுகிறது. இந்நடைமுறை உருவான வரலாற்றையும், அது செயல்படும் முறைகளையும், அதன் அடிப்படை நெறிகளையும் இக்கட்டுரை விளக்குகிறது. தமிழ்க்கல்வி மரபில் இதற்கு இணையாக இருந்த தேர்வு முறைகள் சுட்டப்படுகின்றன. இந்தியாவில் அண்மைக்காலத்தில் உருவான தரப்புள்ளிச் சட்டகங்கள் இதற்குத் தரும் வாய்ப்பும், 2009ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு உணர்த்தும் எச்சரிக்கையும் ஆராயப்படுகின்றன. தமிழ்த்துறைகள் இம்முறையை எவ்வாறு கையாளலாம் என்பது தெருக்கூத்துக் கலைஞர் ஒருவரின் கற்றலை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: முன்கற்றல் ஏற்பு, தரப்புள்ளி, கற்றல் விளைவு, சான்றுத் தொகுப்பு, வித்துவான் தேர்வு, தெருக்கூத்து, திறந்தநிலைக் கல்வி.

முன்னுரை

நாட்டுப்புறவியல், சுவடியியல், இசைத்தமிழ் ஆகிய துறைகளில் களப்பணி செய்யும் ஆய்வாளர் எவரும் ஒரு முரணைக் காண்பர். ஆய்வேட்டில் ‘தகவலாளர்’ என்று பின்னிணைப்பில் இடம்பெறுபவர் பெரும்பாலும் அப்பொருளில் ஆய்வாளரைவிட ஆழமான அறிவுடையவர். அவரிடம் கேட்டறிந்ததை எழுதியவருக்குப் பட்டம் கிடைக்கிறது. அதே தகவலாளர் பல்கலைக்கழகத்தில் சேர விரும்பினால், தாம் பிறருக்குக் கற்பித்த பாடத்தையே முதலிலிருந்து பயின்று தேர்வெழுத வேண்டியவராகிறார். இந்த முரணைக் களைவதற்கு உலகின் சில நாடுகள் எழுபது, எண்பது ஆண்டுகளாக முயன்று உருவாக்கிய வழிமுறையே முன்கற்றல் ஏற்பு. இதனைக் குறித்துத் தமிழில் விரிவான உரையாடல் தேவைப்படும் காலம் இது. தரப்புள்ளிகளைச் சேமித்து வைக்கவும் மாற்றிக்கொள்ளவும் சட்ட வழிவகை உருவாகியுள்ள நிலையில், எதற்குத் தரப்புள்ளி வழங்குவது என்னும் வினாவை ஒவ்வொரு பாடத்திட்டக் குழுவும் எதிர்கொள்ள வேண்டியுள்ளது.

தரப்புள்ளி எதனை அளக்கிறது?

கிரெடிட் எனப்படும் தரப்புள்ளி, தோற்றத்தில் கற்றலின் அளவாகத் தெரிந்தாலும், அடிப்படையில் காலத்தின் அளவாகும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கார்னகி அறக்கட்டளை கல்லூரிப் பேராசிரியர்களுக்கு ஓய்வூதியம் வழங்க முன்வந்தது. அதில் பங்குபெற விரும்பிய கல்லூரிகள், மாணவர் சேர்க்கைக்கு ஒரே சீரான அளவையைப் பின்பற்ற வேண்டியிருந்தது. ஒரு பாடத்தை ஓராண்டில் எத்தனை மணிநேரம் பயின்றார் என்பதே அந்த அளவை. ‘கார்னகி அலகு’ என அறியப்படும் அதுவே பின்னாளைய தரப்புள்ளி முறைக்கு முன்னோடி. இந்தியாவிலும் வாரத்துக்கு ஒரு மணிநேர விரிவுரையை ஒரு பருவம் முழுவதும் பயில்வது ஒரு தரப்புள்ளி என்று கணக்கிடும் வழக்கம் விருப்பத்தேர்வு அடிப்படையிலான பாட முறையில் நிலைபெற்றது.

இதனால் ஒரு சிக்கல் எழுகிறது. வகுப்பில் அமர்ந்த நேரமே அளவை என்றால், வகுப்பில் அமராமல் கற்றவரின் கற்றலை அளக்க வழியில்லை. முன்கற்றல் ஏற்பு இந்த இடத்தில் அளவையை மாற்றுகிறது. ‘எவ்வளவு நேரம் பயின்றார்’ என்பதை விடுத்து, ‘பயின்று முடித்தவர் எதனை அறிந்திருக்க வேண்டும், எதனைச் செய்ய வல்லவராக இருக்க வேண்டும்’ என்னும் கற்றல் விளைவை அது அளவையாகக் கொள்கிறது. விளைவு உறுதிசெய்யப்பட்டால், அது எங்கே எப்படிப் பெறப்பட்டது என்பது இரண்டாம் நிலைக்குரியதாகிறது.

தமிழ்க்கல்வி மரபில் முன்கற்றல் ஏற்பு

இக்கருத்து தமிழ்க் கல்வியுலகுக்கு முற்றிலும் புதியதன்று. திருவாவடுதுறை ஆதீனத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங்கேட்ட உ.வே. சாமிநாதையர் எந்தக் கல்லூரியிலும் பயின்றவர் அல்லர். கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த தியாகராச செட்டியாரின் பரிந்துரையால் 1880இல் அவர் அக்கல்லூரியின் தமிழாசிரியரானார். அவரது பாடங்கேட்ட மரபும் புலமையுமே அங்குத் தகுதியாகக் கொள்ளப்பட்டன. 1932இல் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது.

இது ஒரு தனி நிகழ்வாக நின்றுவிடவில்லை. 1901இல் பாண்டித்துரைத் தேவரால் நிறுவப்பட்ட மதுரைத் தமிழ்ச் சங்கம் பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் எனப் படிநிலைத் தேர்வுகளை நடத்தியது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் வித்துவான் தேர்வைத் தனியே பயின்றோரும் எழுதினர். 1935இல் அத்தேர்வை எழுதி முதன்மை பெற்ற மு. வரதராசனார், 1948இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் மதுரைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் விளங்கினார். கற்பிக்கும் இடத்தையும் மதிப்பிடும் இடத்தையும் பிரித்து வைத்ததே இத்தேர்வுகளின் சிறப்பு. கற்பித்தல் திண்ணையிலோ மடத்திலோ தனிவாசிப்பிலோ நிகழலாம். மதிப்பீட்டைப் பொது நிறுவனம் செய்யும். வருகைப்பதிவைக் கட்டாயமாகக் கொண்ட பருவமுறைக் கல்வி பெருகியபோது இந்தப் பிரிவினை மறைந்து, இரண்டும் ஒரே இடத்தில் குவிந்தன.

எனினும் ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்ளவேண்டும். வித்துவான் தேர்வு நூற்கல்வியை மட்டுமே மதிப்பிட்டது. பாடநூலை எங்கே படிப்பது என்பதில் அது தாராளம் காட்டியதே ஒழிய, எதனைக் கற்றல் எனக் கொள்வது என்பதில் காட்டவில்லை. கூத்தாடியின் அறிவும் பறையிசைக் கலைஞரின் அறிவும் அத்தேர்வின் எல்லைக்குள் வரவில்லை.

அமெரிக்காவில் இம்முறையின் வளர்ச்சி

முதல் உலகப்போர் முடிந்து திரும்பிய வீரர்களுக்கு அமெரிக்கக் கல்லூரிகள் பல, படைப்பணியில் கழித்த காலத்தைக் கணக்கிட்டு மொத்தமாகத் தரப்புள்ளி வழங்கின. என்ன கற்றார் என்பதை எவரும் ஆராயவில்லை. நன்றியுணர்வால் செய்யப்பட்ட இந்த ஏற்பாடு, மாணவரைத் தகுதியற்ற வகுப்பில் கொண்டுசேர்த்ததோடு பட்டத்தின் மதிப்பையும் ஐயத்துக்கு உள்ளாக்கியது. இப்பட்டறிவு இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் வேறு வழியைத் தேடச் செய்தது. அமெரிக்கக் கல்வி மன்றத்தின் முயற்சியால் 1942இல் பள்ளிக்கல்விக்கு இணையான பொதுக்கல்வி வளர்ச்சித் தேர்வு உருவாக்கப்பட்டது. படைத்துறைப் பயிற்சிகளைப் பாட வல்லுநர்கள் ஒவ்வொன்றாக ஆராய்ந்து, எந்தப் பயிற்சி எந்தக் கல்லூரிப் பாடத்துக்கு எவ்வளவு இணையானது எனப் பரிந்துரைக்கும் வழிகாட்டி 1946இல் வெளிவந்தது. 1944ஆம் ஆண்டுச் சட்டத்தால் கல்வி உதவி பெற்றுக் கல்லூரிகளை நோக்கி வந்த முன்னாள் வீரர்களைச் சேர்ப்பதற்கு இவ்வழிகாட்டி பெரிதும் பயன்பட்டது.

1967இல் கல்லூரி வாரியம் கிளெப் எனச் சுருக்கமாக அழைக்கப்படும் கல்லூரிநிலைத் தேர்வுத் திட்டத்தைத் தொடங்கியது. 20 முதல் 80 வரையிலான அளவுகோலில் 50 பெற்றால் தரப்புள்ளி வழங்கலாம் என்பது அமெரிக்கக் கல்வி மன்றத்தின் பொதுவான பரிந்துரை. நூற்கல்வியைத் தேர்வால் அளக்கலாம்; ஆனால் இருபது ஆண்டுகள் ஒரு சிறுதொழிலை நடத்தியவரின் அறிவையோ, சமூகப் பணியாளரின் அறிவையோ கொள்குறி வினாக்களால் அளப்பது அரிது. 1971இல் நியூயார்க் மாநிலத்தில் எம்பயர் ஸ்டேட் கல்லூரி போன்ற, பணிபுரியும் வயதுவந்தோருக்கான நிறுவனங்கள் தோன்றியபோது இச்சிக்கல் கூர்மையடைந்தது. 1974இல் கல்வித் தேர்வுப் பணியகத்தின் திட்டமாகத் தொடங்கப்பட்டுப் பின்னர்த் தனி அமைப்பான கேல், அனுபவக் கற்றலை மதிப்பிடும் நெறிகளை உருவாக்கியது. மாரிஸ் கீட்டன் இதில் முதன்மைப் பங்காற்றினார்.

அந்நெறிகளுள் முதலாவது, தரப்புள்ளி கற்றலுக்கு உரியது, அனுபவத்துக்கு உரியதன்று என்பது. முதல் உலகப்போருக்குப் பின் நேர்ந்த பிழையின் பாடமே இதில் நெறியாகியுள்ளது எனலாம். பத்தாண்டு அனுபவம் பத்தாண்டுக் கற்றலாகவும் இருக்கலாம். ஓராண்டுக் கற்றலைப் பத்துமுறை திரும்பச் செய்ததாகவும் இருக்கலாம். மதிப்பீடு கட்டண வணிகமாகிவிடாமல் காப்பதற்கு மற்றொரு நெறி வகுக்கப்பட்டது: மதிப்பிடும் பணிக்கு மட்டுமே கட்டணம் பெறலாம், வழங்கும் தரப்புள்ளியின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கட்டணம் அமையக்கூடாது.

பிரான்சும் தென்னாப்பிரிக்காவும்

அமெரிக்க முறை பட்டத்தின் ஒரு பகுதிக்கே பெரும்பாலும் தரப்புள்ளி வழங்குகிறது. பிரான்சு இதனினும் ஒரு படி முன்சென்றது. அனுபவத்தால் பெற்ற அறிவுக்குச் சான்றளிக்கும் முறை 2002 சனவரி 17ஆம் நாள் சட்டத்தின் வழி ஒவ்வொருவரின் உரிமையாக்கப்பட்டது. இதன்படி பட்டத்தின் ஒரு பகுதியை மட்டுமன்றி முழுப் பட்டத்தையும் அனுபவக் கற்றலைக் கொண்டே பெறலாம். விண்ணப்பிப்பவர் தம் பணியைப் பகுத்தாய்ந்து விரிவான கோப்பு ஒன்றை அளிப்பார். நடுவர் குழு அதனைப் படித்து, அவருடன் நேரில் உரையாடி முடிவு செய்யும். முழுமையாக ஏற்கலாம், பகுதியளவில் ஏற்று, எஞ்சியதை எவ்வாறு நிறைவு செய்வது எனக் கூறலாம், மறுக்கலாம்.

தென்னாப்பிரிக்காவில் இதன் நோக்கம் சமூக நீதி சார்ந்தது. நிறவெறி ஆட்சியில் கல்வி மறுக்கப்பட்ட பெரும்பான்மையினர் தொழிற்கூடங்களில் திறன் பெற்றும் சான்றிதழ் இன்மையால் உயர முடியாதிருந்தனர். ஆட்சி மாற்றத்துக்குப் பின் 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி அமைந்த தேசியத் தகுதிச் சட்டகத்தில் முன்கற்றல் ஏற்பு, இழைக்கப்பட்ட அநீதிக்கு ஈடுசெய்யும் கருவியாக இடம்பெற்றது. மறுக்கப்பட்ட கல்வியின் வரலாறு கொண்ட நம் சமூகத்துக்கு இந்நோக்கு நெருக்கமானது.

மதிப்பிடும் முறைகள்

நடைமுறையில் உள்ள முறைகளை நான்காகத் தொகுக்கலாம்.

1. பொதுத்தேர்வு: நாடு முழுவதற்கும் ஒரே வினாத்தாள் கொண்டது. செலவு குறைவு, ஒப்பிடுவது எளிது. நூலறிவுக்கே பொருந்தும்.

2. துறைத்தேர்வு: ஒரு பல்கலைக்கழகத் துறை தன் பாடத்துக்குத் தானே நடத்துவது. எழுத்து, வாய்மொழி, செய்முறை என எவ்வகையிலும் அமையலாம்.

3. பயிற்சி மதிப்பீடு: தனியொருவரை மதிப்பிடாமல், படைத்துறையோ நிறுவனமோ நடத்தும் பயிற்சியை மதிப்பிட்டு, அதனை முடித்த அனைவருக்கும் தரப்புள்ளியைப் பரிந்துரைப்பது.

4. சான்றுத் தொகுப்பு: கற்றவர் தாம் கற்றதை வகைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் உரிய சான்றுகளைத் திரட்டி, விளக்கவுரையுடன் அளிப்பது. பாட வல்லுநர் அதனை மதிப்பிடுவார்.

எம்முறையைத் தெரிவு செய்வது என்பது கற்றலின் இயல்பைப் பொறுத்தது. ஓலைச்சுவடி வாசிப்பில் வல்லவர் ஒருவரை மதிப்பிடச் சான்றுத் தொகுப்பு வேண்டியதில்லை. அவர் முன்பு கண்டிராத ஏடு ஒன்றைக் கொடுத்து வாசிக்கவும் படியெடுக்கவும் செய்தால் போதும். புள்ளியில்லா மெய்யையும், குறில் நெடில் வேறுபாடு காட்டாத எகர ஒகரத்தையும், சொற்பிரிப்பற்ற தொடரையும் அவர் எவ்வாறு கையாளுகிறார் என்பதைத் துறைத்தேர்வு ஒன்றே காட்டிவிடும். நிகழ்த்துகலை போன்ற பரந்த கற்றலுக்கே சான்றுத் தொகுப்பு தேவைப்படுகிறது.

தெருக்கூத்துக் கலைஞரின் கற்றல்: ஓர் எடுத்துக்காட்டு

வட தமிழ்நாட்டில் பதினைந்து ஆண்டுகள் தெருக்கூத்து ஆடிய கலைஞர் ஒருவர் இளங்கலைத் தமிழில் சேர்கிறார் எனக் கொள்வோம். அப்பாடத்திட்டத்தில் ‘நாட்டுப்புற நிகழ்த்துகலைகள்’ என்னும் தாள் உள்ளது. இத்தாளுக்கு அவர் தரப்புள்ளி கோரினால் துறை என்ன செய்யவேண்டும்?

முதற்படி, அத்தாளின் கற்றல் விளைவுகளைத் தெளிவாக எழுதுவது. பெரும்பாலான பாடத்திட்டங்கள் அலகுத் தலைப்புகளை மட்டுமே தருவதால் இப்படியே கடினமானது. எடுத்துக்காட்டாக, (அ) ஒரு நிகழ்த்துகலையின் அமைப்பையும் கூறுகளையும் விளக்குதல், (ஆ) கலைக்கும் சடங்குக்கும் உள்ள உறவை ஆராய்தல், (இ) வட்டார வேறுபாடுகளை ஒப்பிடுதல், (ஈ) வாய்மொழிப் பனுவல் நிகழ்த்துதலில் மாறும் முறையை விளக்குதல், (உ) நாட்டுப்புறவியல் கோட்பாடு ஒன்றைப் பொருத்திக் காட்டுதல் என ஐந்து விளைவுகள் உள்ளன எனலாம்.

இரண்டாம் படி, ஒவ்வொரு விளைவுக்கும் சான்று காண்பது. கட்டியங்காரன் வருகை, திரைப்பிரவேசம், வேடத்துக்குரிய கட்டைகள், முகவீணை, மிருதங்கம், தாளம் ஆகியவற்றின் பணியைக் கலைஞர் விளக்கும் ஒளிப்பதிவு முதல் விளைவுக்குச் சான்றாகும். திரௌபதி அம்மன் கோயில் விழாவில் பாரதப் பிரசங்கம், கூத்து, படுகளம் ஆகியவை ஒன்றோடொன்று இயையும் முறையை அவர் கூறுவது இரண்டாம் விளைவுக்குரியது. வடக்கத்திப் பாணி, தெற்கத்திப் பாணி ஆகியவற்றின் வேறுபாட்டை ஆடியும் பாடியும் காட்டுவது மூன்றாவதற்குரியது. அவரது கையெழுத்துக் கூத்துப் பிரதியையும் ஒரே காட்சியின் இரு நிகழ்த்துதல்களையும் ஒப்பிட்டு, எங்கே எதற்காக மாற்றினார் என வினவுவது நான்காவதற்குரியது. இவ்விளைவில் கலைஞரின் விடை வகுப்பு மாணவரின் விடையைவிட நுட்பமாக இருக்கவே வாய்ப்பு மிகுதி. ஐந்தாவது விளைவுக்கு அவரிடம் சான்று இல்லாமல் போகலாம்.

மூன்றாம் படி முடிவெடுப்பது. நான்கு விளைவுகள் உறுதிப்பட்டு ஒன்று எஞ்சினால், மறுப்பதும் முறையன்று. எஞ்சியதைக் கண்டுகொள்ளாமல் விடுவதும் முறையன்று. கோட்பாட்டு அலகை மட்டும் அவர் பயின்று முடித்தபின் முழுத் தரப்புள்ளி வழங்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. சான்றுத் தொகுப்பில் விரிவான எழுத்துரை கட்டாயமாக்கப்பட்டால், மதிப்பிடப்படுவது கூத்தறிவன்று. கட்டுரை எழுதும் திறனே. வாய்மொழியாகக் கற்றவரை வாய்மொழியாலும் செய்முறையாலும் மதிப்பிடுவதே பொருந்தும். மதிப்பீட்டாளர் இருவருள் ஒருவரேனும் அக்கலையில் தேர்ந்தவராக இருத்தல் வேண்டும்.

இந்தியச் சட்டகமும் தமிழகப் பட்டறிவும்

இந்தியாவில் இதற்கான அடித்தளம் படிப்படியாக உருவாகியுள்ளது. 2013இல் அறிவிக்கப்பட்ட தேசியத் திறன் தகுதிச் சட்டகம் தொழில்திறனில் முன்கற்றல் ஏற்புக்கு இடமளித்தது. சுவயம் தளத்தின் இணையவழிப் பாடங்களுக்கு ஒரு பருவத்தின் மொத்தப் பாடங்களில் 40 விழுக்காடு வரை தரப்புள்ளி ஏற்கலாம் எனப் பல்கலைக்கழக மானியக்குழுவின் 2021ஆம் ஆண்டு விதிமுறை கூறுகிறது. 2016ஆம் ஆண்டு விதியில் இது 20 விழுக்காடாக இருந்தது. 2021 சூலையில் அறிவிக்கப்பட்ட கல்வித் தரப்புள்ளி வங்கி, பல நிறுவனங்களில் பெற்ற தரப்புள்ளிகளைச் சேமித்துப் பட்டத்துக்குப் பயன்படுத்த வழிசெய்தது. பட்டம் வழங்கும் நிறுவனத்திலேயே குறைந்தது 50 விழுக்காடு பெறவேண்டும் என்பது அதன் வரம்பு. 2023இல் வெளியான தேசியத் தரப்புள்ளிச் சட்டகம் 30 கற்றல் மணிநேரத்தை ஒரு தரப்புள்ளியாகவும், ஓராண்டுக்கு 1200 மணிநேரத்தை 40 தரப்புள்ளிகளாகவும் கொண்டு, பள்ளிக்கல்வி, உயர்கல்வி, தொழிற்கல்வி மூன்றையும் ஒரே அளவையில் இணைக்கிறது. பணி அனுபவத்துக்கும் அதில் இடமுண்டு. ஆனால் அனுபவத்தின் ஆண்டுகளை எண்ணி மதிப்பெடை தரும் கணக்கு, மேற்கூறிய முதல் நெறியிலிருந்து விலகிவிடக்கூடும். ஆண்டுக் கணக்குக்கு முன் கற்றல் விளைவின் மதிப்பீடு நிகழ்வது இன்றியமையாதது.

இவ்வெச்சரிக்கையின் தேவையைத் தமிழகப் பட்டறிவு உணர்த்துகிறது. திறந்தநிலைப் பல்கலைக்கழக முறையில், முறையான பள்ளிக்கல்வியோ இளங்கலைப் பட்டமோ இன்றி, உரிய வயது நிறைந்தோரை நேரடியாகப் பட்ட வகுப்புகளில் சேர்க்கும் வழக்கம் இங்குப் பரவலாக இருந்தது. அடிப்படைப் பட்டமின்றித் திறந்தநிலை முறையில் பெற்ற முதுகலைப் பட்டம், மானியக்குழுவின் 1985ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி ஏற்கத்தக்கதன்று என உச்ச நீதிமன்றம் 2009இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக வழக்கில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் தமிழ்நாடு அரசும் இத்தகைய பட்டங்கள் அரசுப் பணிக்கு ஏற்கப்படா என ஆணையிட்டது. பணி உயர்வை எதிர்நோக்கிப் பயின்ற பலருக்கு அப்பட்டம் பயனற்றதாயிற்று. நல்ல நோக்கத்துடன் கதவைத் திறந்த நிறுவனங்களைவிட, அதனுள் நம்பி நுழைந்த மாணவரே இழப்பைச் சுமந்தனர்.

அம்முறைக்கும் முன்கற்றல் ஏற்புக்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிவாக உணர்தல் வேண்டும். வயதை ஏற்பது சேர்க்கைத் தளர்வு. கற்றலை மதிப்பிட்டு ஏற்பது தரப்புள்ளி ஏற்பு. முன்னையதில் மதிப்பீட்டுச் சான்று எதுவும் எஞ்சுவதில்லை. பின்னையதில் கற்றல் விளைவு, சான்று, மதிப்பீட்டாளரின் அறிக்கை ஆகியவை ஆவணமாக நிற்கும். பின்னாளில் ஐயம் எழுந்தால் மாணவரைக் காப்பது அந்த ஆவணமே. 1985ஆம் ஆண்டு விதிமுறைகளும், முன்படிப்பு இல்லாதவர் 21 வயது நிறைந்திருந்து பல்கலைக்கழகத்தின் நுழைவுத்தேர்வில் தேறினால் தொலைநிலை இளங்கலையில் சேரலாம் என்றே கூறின என்பது இங்குக் கருதத்தக்கது.

மற்றொரு முரணும் சுட்டத்தக்கது. பட்டத் தகுதி இன்றியும், துறை அனுபவத்தின் அடிப்படையில் வல்லுநர்களை நடைமுறைப் பேராசிரியர்களாக அமர்த்தலாம் என மானியக்குழுவின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறுகிறது. கற்பிக்கப் போதுமானது என ஏற்கப்படும் அறிவு, தரப்புள்ளி பெறவும் போதுமானதாகும் என்பதே தருக்கமுறை முடிவு.

மாற்றுக் கருத்துகள்

இம்முறைக்கு எதிரான வாதங்கள் புறக்கணிக்கத்தக்கவை அல்ல. முதலாவது, தரம் குறையும் என்பது. மதிப்பீடின்றி வழங்கினால் இவ்வச்சம் மெய்யாகும். முறையான மதிப்பீட்டின்கீழ், வருகைப்பதிவாலும் இறுதிநேர மனப்பாடத்தாலும் பெறும் தரப்புள்ளியைவிட இது கடினமானது. இரண்டாவது, பணிச்சுமை. ஒருவரை மதிப்பிடப் பல மணிநேரம் தேவை. காலிப்பணியிடங்கள் நிறைந்த துறைகளுக்கு இது பெருஞ்சுமை. மதிப்பீட்டைப் பணிநேரமாகக் கணக்கிடாமல் இம்முறையைத் தொடங்குவது பயன்தராது. மூன்றாவது வாதமே ஆழமானது. பாடத்திட்டத்துடன் ஒத்துப்போகும் அறிவை மட்டுமே பல்கலைக்கழகம் ஏற்கிறது. ஒத்துப்போகாத அறிவு, எவ்வளவு சிறந்ததாயினும், கற்றலாகக் கருதப்படுவதில்லை. கூத்துக் கலைஞரின் உடலில் உறையும் தாளக்கணக்குக்குப் பாடத்திட்டத்தில் இணைத்தாள் இல்லை என்றால் அதற்குத் தரப்புள்ளியும் இல்லை. இவ்வாதத்துக்கு முழுமையான விடை முன்கற்றல் ஏற்பில் இல்லை. பாடத்திட்டமே மாறவேண்டும் என்பதை அது வெளிப்படுத்துகிறது.

முடிவுரை

மேற்கண்ட விளக்கங்களிலிருந்து பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

தரப்புள்ளி கால அளவையாகத் தோன்றியது. முன்கற்றல் ஏற்பு அதனைக் கற்றல் விளைவின் அளவையாக மாற்றுகிறது. கற்பித்தலையும் மதிப்பிடுதலையும் பிரித்து வைத்த மரபு தமிழ்க்கல்விக்கு உண்டு. எனினும் அது நூற்கல்வியின் எல்லையைத் தாண்டவில்லை. அனுபவத்தின் கால அளவை மட்டும் கொண்டு தரப்புள்ளி வழங்குவது கற்றவருக்கும் பட்டத்துக்கும் ஊறு விளைக்கும் என்பதை அமெரிக்க வரலாறு காட்டுகிறது. மதிப்பீட்டைத் தவிர்த்த சேர்க்கையின் இழப்பை இறுதியில் சுமப்பவர் மாணவரே என்பதைத் தமிழகப் பட்டறிவு காட்டுகிறது.

தமிழ்த்துறைகள் நாட்டுப்புறவியல், சுவடியியல், இசைத்தமிழ் ஆகியவற்றில் ஒன்றிரண்டு தாள்களைத் தெரிவுசெய்து, கற்றல் விளைவுகளை எழுதி, வாய்மொழி மதிப்பீட்டுக்கு இடமளித்து, கலைவல்லுநரையும் மதிப்பீட்டுக் குழுவில் சேர்த்துச் சிறிய அளவில் தொடங்கலாம். அதற்கான பாடக்குழுத் தீர்மானமும், கல்விப் பேரவையின் ஒப்புதலும், மதிப்பீட்டு ஆவணங்களைப் பாதுகாக்கும் ஏற்பாடும் முதல் மாணவரைச் சேர்ப்பதற்கு முன்பே அமைந்திருத்தல் வேண்டும். அவ்வாறு அமையுமாயின், ஆய்வேட்டின் பின்னிணைப்பில் பெயராக நிற்கும் தகவலாளர் ஒருவர், தம் அறிவுக்கு உரிய மதிப்புடன் அதே துறையின் மாணவராக அமர்வதற்கு வழி பிறக்கும்.